மும்பையிலிருந்து காயலுக்கு: எந்தக் காயல்?

தாராவியிலோ சயானிலோ வளர்ந்த பிள்ளைகளுக்குப் பூர்வீகம் ‘காயல்’ என்பது மட்டும் தெரிந்திருந்தால், டிக்கெட் போடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் எந்தக் காயல் என்று கேட்டுவிடுங்கள். காயல்பட்டினம், பழையகாயல், புன்னைக்காயல் என்று அடுத்தடுத்து மூன்று ஊர்கள். பழைய பத்திரத்தில் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1986இல்தான் தூத்துக்குடி தனி மாவட்டமானது.

காயல் என்றால் உப்பங்கழி. மூன்றுக்கும் பெயர் கொடுத்தது தாமிரபரணி முகத்துவாரத்து உப்பங்கழிதான். ஆறு கொண்டுவந்த மண் சேரச் சேரக் கடல் பின்வாங்கியது. பாண்டியர் கால முத்துத் துறையான கொற்கை உள்நாட்டு ஊராகிப்போனது. துறைமுகமும் கடலைத் தேடி நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல், பழையகாயல்தான் என்றார் கால்டுவெல். இதைக் காயல்பட்டினத்தில் போய்ச் சொன்னால் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

குடும்பக் கதையிலேயே துப்பு இருக்கும். மரைக்காயர் வழி, பழைய பள்ளிவாசல், கல்யாணத்துக் களறிச் சாப்பாடு என்றெல்லாம் பேச்சு வந்தால் காயல்பட்டினம். பரதவர், கத்தோலிக்கக் கோயில், கடல் தொழில் என்றால் பெரும்பாலும் புன்னைக்காயல். அச்சில் தமிழ் ஏறக் காரணமான அண்ட்ரிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டில் இருந்த ஊர் அது. உப்பளம் பற்றிய பேச்சாக இருந்தால் பழையகாயலை விசாரியுங்கள்.

மும்பையிலிருந்து நாகர்கோவில் ரயிலில் ஏறித் திருநெல்வேலியில் இறங்குங்கள். அங்கிருந்து திருச்செந்தூர் ரயில் காயல்பட்டினத்தில் நிற்கும். மற்ற இரண்டுக்கும் ரயில் கிடையாது. பழையகாயல், தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையிலேயே இருக்கிறது. எந்த பஸ்ஸும் சரி. காயல்பட்டினத்துக்கு பஸ்ஸில் போவதானால் மட்டும் ‘காயல் வழியா?’ என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். சில பஸ்கள் அடைக்கலாபுரம் வழியாக ஊரைத் தொடாமலே போய்விடும். உள்ளூர்க்காரர்களின் பழைய ஆதங்கம் இது.

போனில் மேப்பைப் பார்த்தால் பழையகாயலும் புன்னைக்காயலும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நம்பிவிடாதீர்கள், நடுவில் ஆறு கிடக்கிறது. முக்காணி வந்து பாலம் தாண்டி, ஆத்தூரில் திரும்பி, சேர்ந்தபூமங்கலம் வழியாகத்தான் புன்னைக்காயல் போக வேண்டும். ஆத்தூரில் ஆட்டோ பேசும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வீட்டில் வெற்றிலை போடும் ஆச்சி இருந்தால் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம்.