டார்க் காமெடி எழுதப் பழக: ‘ஃபார்கோ’வை வைத்து ஒரு செய்முறை

டார்க் காமெடி, அதாவது குற்றம், சாவு போன்ற இருண்ட விஷயங்களில் சிரிப்பு வரவைக்கும் குறும்படம் என்றதும் பலரும் முதலில் ஜோக் தேடுகிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது. வசமாக மாட்டிக்கொண்ட ஒருவனின் தவிப்பை எழுதுங்கள், சிரிப்பு தானாக வரும். இதைப் பழக, அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்களின் ‘ஃபார்கோ’ (1996) போல எனக்கு உதவிய படம் வேறில்லை.

படி 1: குறிப்பெடுக்காமல் முழுப்படத்தையும் பாருங்கள். 1987இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்த உண்மைச் சம்பவம் என்று தொடக்கத்தில் போடுவார்கள். கதை கற்பனைதான். ஆனால் அந்த அறிவிப்பை நம்பிப் பார்க்கும்போது, எந்தக் கொலையையும் ‘சும்மா சினிமா’ என்று தள்ளிவிட முடியாது.

படி 2: மறுபடி போட்டு, ஜெர்ரியை மட்டும் கவனியுங்கள். கார் விற்பவன். மாமனாரிடம் பணம் கறக்க, சொந்த மனைவியையே கடத்த ஆள் வைக்கிறான். கடத்துபவர்களிடம் 80,000 டாலர் என்கிறான், மாமனாரிடம் 10 லட்சம் என்கிறான். தொழில் திட்டம் ஒன்றிலிருந்து மாமனார் அவனைக் கழற்றிவிட்டதும், ஆளில்லாத பார்க்கிங்கில் தன் காருக்கு வருகிறான். கண்ணாடி முழுக்கப் பனி உறைந்திருக்கிறது. சுரண்டுகிறான். ஆத்திரம் பொங்கி, வெறி பிடித்தவன் போலக் கையை காலை உதறுகிறான். பிறகு? மறுபடி சுரண்டத் தொடங்குகிறான். வேறு வழியில்லை, வீட்டுக்குப் போயாக வேண்டுமே! வசனமே இல்லாத அந்தக் காட்சியை நான்கைந்து முறையாவது பாருங்கள்.

படி 3: அடுத்து ஊர்ப் பேச்சு. கடத்தியவர்கள் கொலை செய்வது பிரெயினர்ட் என்ற சிற்றூர்ப் பக்கம். போலீஸ் அதிகாரி மார்ஜ் ஏழு மாத வயிற்றோடு பனியில் குனிகிறார். தடயம் ஏதும் கிடைத்ததா என்கிறார் உடனிருப்பவர். குமட்டல்தான்! நிமிர்ந்ததும் பசிக்கிறது என்கிறார் மார்ஜ். கொலையாளி எப்படி இருந்தான் என்று விசாரித்தால், ‘பார்க்க ஒரு மாதிரி இருந்தான்’ என்பதைத் தாண்டி ஒரு பெண்ணால் சொல்ல முடியவில்லை. நம் ஊரிலும் சாட்சி கேட்டால் இப்படித்தானே?

படி 4: இப்போது ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஊர், ஒரு கடன், அதை மறைக்க ஒரு பொய். நண்பரிடம் வாசித்துக் காட்டுங்கள். சிரிப்புக்காகவே எழுதிய வரி எது என்று அவர் கண்டுபிடித்துவிட்டால், அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி வாசியுங்கள்.