கிண்ணியாப் பாலத்தில் நின்று கொக்கு எண்ணுவது எப்படி

மாரியில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஒரு களப்புக்குப் போய், இருப்பதை எண்ணி, நாலு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். ஒரு தடவை திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாக் கரைச் சேற்றில் காலையில் எண்ணிய கூட்டத்தையே பின்னேரம் தம்பலகாமத்து வயலில் திரும்ப எண்ணி, இரண்டையும் கூட்டி எழுதிவைத்தேன். நொண்டிக் கொக்கு ஒன்று இரண்டு இடத்திலும் நின்றதால்தான் பிழை பிடிபட்டது.

பறவைக்குச் சாப்பாடு ஓரிடம், நித்திரை ஓரிடம், வெள்ளம் வந்தால் ஒதுங்க இன்னோரிடம். அதனால் இடத்தை எண்ணுவதை விட்டு, வழியை எண்ணுங்கள்.

அதற்குத் தோதான இடம் கிண்ணியாப் பாலம். 2009இல் திறந்தது, 396 மீற்றர் நீளம். ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா, நடுவில் நீங்கள். விடியற்காலை ஐந்தேகால் மணிக்கே போய் நடைபாதையில் நில்லுங்கள். கொப்பியில் ஐந்து கோடு: நேரம், இனம், எத்தனை, எங்கிருந்து, எங்கே. இனம் தெரியாவிட்டால் 'வெள்ளைக் கொக்கு, பெரியது' என்று எழுதினாலே போதும், ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள். பெரிய கூட்டம் வந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவால் மிச்சத்தை அளந்துகொண்டு போங்கள். பென்சில்தான் நல்லது, மழையில் பேனா மை கரைந்துவிடும். அதே நேரம் ஒரு கூட்டாளி தம்பலகாமத்து வயலோரம், இன்னொருவர் மூதூர்ப் பக்கம் நின்றால் ஒரே கூட்டத்தை இரண்டு முறை எண்ணமாட்டீர்கள்.

சேற்றுப் பறவைகளுக்குக் கணக்கு வேறு. இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது, ஆகவே சேறு தெரிவதும் மறைவதும் மழையையும் காற்றையும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதையும் பொறுத்தது. கொசு உள்ளான் ஒரு சாண் நீளம்கூட இல்லாத பறவை, கணுக்கால் நனைகிற தண்ணீர்தான் அதற்குத் தோது. நெடுங்கால் உள்ளான் அதைவிட ஆழத்தில் நின்று மேயும். ஒரு தடியில் சாண் சாணாகச் சாயம் பூசிக் கரையில் நட்டு, ஒவ்வொரு தடவையும் அளவைக் குறியுங்கள். பறவை குறைந்தால் 'போய்விட்டது' என்று பதறுவதற்கு முன் அந்தத் தடியைப் பாருங்கள்.

ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை இப்படிக் குறித்தபின், பறவைகள் போய்வந்த வழிகளை வரைபடத்தில் கோடாகப் போடுங்கள். கோடுகள் சந்திக்கிற இடங்களில் சில, ஒரு பெயர்கூட இல்லாத சின்னக் குட்டைகளாக இருக்கும். கொக்கிளாய்க் களப்பு 1951இலிருந்து சரணாலயம், அதற்குப் பலகையாவது உண்டு. இந்தக் குட்டைகளுக்கு ஒன்றும் கிடையாது, கிரவல் லொறி வந்து கொட்டினால் கேட்க ஆளில்லை. திகதியோடு படமும் உங்கள் எண்ணிக்கையும் சேர்த்துப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

கண்ணா, அதாவது களப்புக் கரையில் வளர்கிற அலையாத்தி மரம், நடுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால், எங்கே என்று கேளுங்கள். வெட்டவெளிச் சேற்றில் நட்டால் உள்ளானுக்கு மேய்ச்சல் போகும், கன்றும் பெரும்பாலும் செத்துப்போகும். 2004 சுனாமிக்குப் பிறகு தீவு முழுக்க நட்டதில் எவ்வளவு வீணாயிற்று என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பு கண்ணா நின்று அழிந்த இடமென்றால் சரி, தாராளமாகப் போங்கள். அப்புறம், கரையில் கிடக்கிற தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள், காலில் சுற்றினால் பறவை தப்பாது. பறக்கும் வழியைக் குறுக்கறுக்கிற மின்கம்பிக்கு அடியில் செத்த பறவை கிடந்தால் அதையும் இடத்தோடு குறியுங்கள், கம்பியில் அடையாளத் தட்டு மாட்டச் சொல்லிக் கேட்க அதுதான் ஆதாரம்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். உங்கள் கொப்பியோடு அதில் சேர்ந்துகொள்ளுங்கள், ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையத்தளத்திலும் ஏற்றுங்கள்.

பாலத்தில் நின்றால் ஆட்கள் கேட்பார்கள். எனக்கும், தூண்டிலோடு நின்ற ஒருவர், "என்ன தம்பி எண்ணுறீங்க?" என்றார். "கொக்கு, நானா" என்றேன். சிரிக்கவில்லை. "அது இஞ்ச நிக்காது, அந்தக் கண்ணாவுக்குள்ள போய்த்தான் படுக்கும்" என்று தெற்கே கை காட்டினார். இரண்டு மாதமாக நான் தேடிய நித்திரை இடம் அதுதான்.