ஆறாவது ஃபவுல்: ஃபுட்சாலில் நம் பையன்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தீபாவளிக்கு முன்பு சுங்கை சிப்புட்டில் தோட்ட அணிகளுக்குள் ஒரு ஃபுட்சால் ஆட்டம், அதாவது பக்கத்துக்கு ஐவர் சிறிய தளத்தில் ஆடும் காற்பந்து. கோல் கணக்கு மூன்றுக்கு மூன்று. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்கள் பையன் ஒருவன், எந்த ஆபத்தும் இல்லாத பக்கக்கோட்டு ஓரத்தில் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். நடுவர் பந்தைத் தூக்கிக்கொண்டு போய் கோலுக்கு எதிரே 10 மீட்டர் புள்ளியில் வைத்தார். தடுக்க ஆட்டக்காரர்களின் சுவர் இல்லை, எதிரே கோல்காவலர் மட்டும். தோற்றுவிட்டோம்.

“எங்கேயோ புடிச்சதுக்கு இங்கருந்தா அடிக்கச் சொல்வாங்க, அண்ணே?” என்று அழாத குறையாகக் கேட்டான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அது எங்கள் அணியின் ஆறாவது ஃபவுல் என்று பெஞ்சில் இருந்த நாங்களே கவனிக்கவில்லையே.

ஃபுட்சாலைக் குட்டிக் காற்பந்து என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது. திடலில் ஃபவுல் செய்தால் அந்த இடத்தோடு போயிற்று. இங்கே கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு பாதியில் ஓர் அணிக்கு ஐந்து வரை பொறுப்பார்கள். ஆறிலிருந்து ஒவ்வொன்றுக்கும் சுவரில்லாத உதை. இடைவேளையில் கணக்கு அழியும். ஆனால் இரண்டாம் பாதியின் கணக்கு கூடுதல் நேரத்துக்கும் தொடரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அனைத்துலகப் போட்டியைப் பார்க்கும்போது கோலை விட்டுவிட்டு, நான்கு ஃபவுல் ஆன அணியைக் கொஞ்சம் கவனியுங்கள். காலை நீட்டிப் பந்தைப் பறிப்பதை நிறுத்திவிட்டு, வழியை மட்டும் மறித்துக்கொண்டே பின்னால் நகர்வார்கள். நாங்கள் இப்போது பெஞ்சில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஐந்து ரப்பர் பேண்டும் வைத்திருக்கிறோம். ஒரு ஃபவுலுக்கு ஒன்று போத்தல் கழுத்தில் ஏறும். நான்காவது ஏறியதும் பெஞ்சே சேர்ந்து “நாலு!” என்று கத்த வேண்டும். சட்டையைப் பிடித்த அதே பையனிடம்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது கடிகாரம். வாடகைக்கு எடுத்த ஒரு மணி நேரத்தில் விளையாடிப் பழகியவர்கள், முன்னணியில் இருந்தால் பந்தை வெளியே அடித்து நேரத்தைக் கரைப்பார்கள். உலகக் கிண்ணத்தில் பாதிக்கு 20 நிமிடம், பந்து வெளியே போனால் கடிகாரம் நின்றுவிடும். அப்புறம் எதற்கு அடிப்பது? 2012 பாங்காக் இறுதியாட்டத்தில் பிரேசிலும் ஸ்பெயினும் கூடுதல் நேரத்திலும் இரண்டுக்கு இரண்டு. முடிய 19 வினாடி இருக்கும்போது பிரேசிலின் நெத்தோ கோல் அடித்தார், கிண்ணம் பிரேசிலிடமே தங்கியது. இந்த ஆட்டத்தில் 19 வினாடி நிறைய நேரம். ஆனால் பந்தை ஆட்டத்தில் விட நான்கு வினாடிதான்: பக்கக்கோடு, மூலை, கோல்காவலர் என எல்லாருக்கும் அதே கணக்கு.

கோல்காவலரிடம் பந்தைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பதும் நம் பழக்கம். அவர் ஒருமுறை பந்தை அனுப்பிவிட்டால், எதிராளி தொடும்வரை தன் பாதியில் சக ஆட்டக்காரரிடமிருந்து அதை மறுபடி வாங்கக் கூடாது. எதிரணியின் பாதிக்குள் போய்விட்டால் வாங்கலாம். தோற்கும் அணி கடைசியில் கோல்காவலரை முன்னே அனுப்பி ஐவராகத் தாக்குவது இதனால்தான். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பயிற்சியே இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஒரு பாஸ் தவறினால் வலை காலியாகக் கிடக்கும்.

நல்ல ஆட்டக்காரனை உட்கார வைக்க நமக்கு மனசு வராது. நாட்டு அணிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும்; மாற்றத்துக்கு அளவே கிடையாது. வெளியே வருபவர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் மற்றவர் இறங்கணும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

திடல் பந்தையே இங்கேயும் கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஃபுட்சால் பந்து நான்காம் எண், துள்ளல் குறைவு: 2 மீட்டரிலிருந்து விட்டால் 50 முதல் 65 செண்டிமீட்டர் வரைதான் எழும்பும். கடையிலேயே தலைக்கு மேல் கையை உயர்த்திப் போட்டுப் பாருங்கள். முழங்காலைக் கொஞ்சம் தாண்டினால் சரி, இடுப்புக்கு வந்தால் வேண்டாம்.

இது திடலில் இடம் கிடைக்காதவர்களின் ஆட்டம் என்று சில அப்பாமார்கள் சொல்வது எனக்கு வலிக்கிறது. மலேசியா 1996இல் ஸ்பெயினில் நடந்த ஃபுட்சால் உலகக் கிண்ணத்தில் ஆடியிருக்கிறது. முதல் ஆசியப் போட்டி 1999இல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது, ஈரான் வென்றது. தோட்டத் தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்துச் சிமெண்டில், லயன் வீட்டுச் சன்னல் உடையாமல் பந்தைக் காலடியிலேயே வைத்து ஆடி வளர்ந்த பையனுக்கு இந்த ஆட்டத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மணிக்கு அனுப்பிவையுங்கள். போத்தலும் ரப்பர் பேண்டும் எங்களிடம் இருக்கின்றன.