மூன்று மாதத்துக்கு டெவலப்பர் எடுக்கிறீங்களா?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாள் முழுக்க இழுக்கும் கோடிங் டெஸ்ட் வைக்காதீங்க. நல்ல ஆள் அதற்குள் வேறு வேலை பிடித்துவிடுவார். அதற்காக வெறும் கதையோடும் நிறுத்தாதீங்க. நான் அப்படி ஒருமுறை ஏமாந்தவன்: தேத்தண்ணியோடு ஒரு மணித்தியாலம் அருமையாகக் கதைத்தவருக்கு, வேலை தொடங்கிய பிறகு ஒரு ஜாயின் குவெரி (தரவுத்தள அட்டவணைகளை இணைத்துத் தகவல் எடுக்கும் கட்டளை) ஒழுங்காக எழுத வரவில்லை.

இப்போது பிழையுள்ள சின்ன நிரல் ஒன்றைக் கொடுக்கிறேன். கடை பில் பட்டியலில் ஒரே பில் இரண்டு தரம் வருகிறது, ஏன்? கூகுள் பார்க்கலாம், ஏஐயிடமும் கேட்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்து, என்ன செய்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒரே மாதிரி வரிசைகளை ஒன்றாக்கிக் காட்டும் டிஸ்டிங்க்ட் போட்டுப் பிழையை மறைக்கிறாரா, எந்த ஜாயினில் வரிசைகள் பெருகின என்று தேடுகிறாரா? ஆள் யாரென்று அதிலேயே விளங்கிவிடும்.

பிறகு நேர்முகம். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், புள்ளியை அங்கேயே எழுதிவிடுங்க. உளவியலாளர் சக்கெட் குழுவின் 2022 ஆய்வில், வேலைத்திறனை முன்கூட்டிக் கணிப்பதில் (1 என்றால் முழுக்கச் சரியான கணிப்பு) இப்படி ஒழுங்குபடுத்திய நேர்முகத்துக்கு 0.42, வேலை மாதிரிப் பரீட்சைக்கு 0.33, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்துக்கு வெறும் 0.19.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்து வரும் பிள்ளைகளில் சிலர் இங்கிலீசில் கேட்டால் வாயே திறக்கமாட்டார்கள். தமிழில் கேளுங்க. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால் அதற்குக் காசும் கொடுங்க.