மலக்குழி மரணத்தை வீதி நாடகமாகப் போடுவது எப்படி?

நாடகம் போட ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: குழிக்குள் ஆளை இறக்கும் காட்சி வேண்டாம்.

எங்கள் முதல் நாடகத்தில் அது இருந்தது. சேறு பூசிய ஒரு பையன் துடித்துச் சாவான். கூட்டம் உச்சுக்கொட்டியது. முடிந்ததும், புருஷனை மலக்குழிக்குப் பறிகொடுத்த ஓர் அக்கா என்னிடம் வந்தார். "அவரு செத்ததக் காட்டிட்டீங்க தம்பி. எறங்கச் சொன்னவன் எங்க?" என்றார். அன்று ராத்திரியே உட்கார்ந்து நாடகத்தை மாற்றி எழுதினோம்.

இப்போது எங்கள் நாடகம் ஒரு போன் காலில் தொடங்குகிறது. "அடைப்பு எடுக்கணும். துட்டு சேத்துத் தர்றேன், சீக்கிரம் வா." அவ்வளவுதான். கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்தப் போனைப் பேசியவர்கள் அவர்கள். குழி என்பது தரையில் சுண்ணாம்புத் தூளால் போட்ட வட்டம். நாடகம் முடியும்வரை யாரும் அதை மிதிக்கக் கூடாது. நடிகர்கள் சுற்றியே போக வேண்டும். வட்டத்தின் ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடக்கட்டும்.

சட்டத்தைப் பிரசங்கமாகப் படிக்காதீர்கள். இறந்தவரின் மனைவி மேசை மேசையாக அலைகிறாள். ஒவ்வொரு மேசையிலும் "விபத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா" என்கிறார்கள். அந்தச் சொல் விழும்போதெல்லாம் பறை ஒரே ஓர் அடி. நான்காவது மேசையில் அவள் பேனாவைக் கீழே வைக்கிறாள். சட்டம் அங்கே அவள் வாயிலிருந்து வர வேண்டும்: பாதுகாப்புக் கருவி இல்லாமல் மலக்குழியில் ஆளை இறக்குவது மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 2 வருடம் வரை சிறை உண்டு. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இந்தத் தொகைகளை மட்டும் மூன்று முறை சொல்லுங்கள். எங்கோ ஒரு வீட்டுக்கு அது தேவைப்படும்.

வாயு பற்றியும் ஒரு வரி வைக்க வேண்டும். அழுகின முட்டை வாடை நின்றால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு ஏறினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும்.

கதை நிஜமென்றால், அந்தக் குடும்பத்துக்கு முதலில் நடித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள். பேரம் கூடாது.

பறையை நெருப்பில் நன்றாகக் காய்ச்சி, கூட்டம் சேர்க்க அடியுங்கள். சாவுக்கு அடிக்கும் அடி வேண்டாம். சாவுக்கு அடி என்று ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்த கருவி அது. நம் நாடகத்திலும் அதையே செய்யக் கூடாது. மைக் தேவையில்லை. 25 நிமிடம் போதும். ஞாயிறு சாயங்காலம் சரியான நேரம்.

நாடகப் பிரதியைப் போலீஸிடம் முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்கவேண்டும் என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். அப்படிக் கேட்ட 1954-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, நாடகக்காரரும் எழுத்தாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. ஆனால் தெருவில் கூட்டம் கூட்டுவதற்குத் தனியாகக் கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் நகல் இல்லாமல் பாதியில் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் நகலோடு அதே முனைக்குப் போய் மிச்சத்தைப் போட்டோம். 1989 ஜனவரி 1-ல் டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் நாடகத்தின் நடுவிலேயே வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹஷ்மியைத் தாக்கினார்கள், மறுநாள் அவர் இறந்தார். 4-ஆம் தேதி அவர் மனைவி மொலாயஸ்ரீ, குழுவோடு அதே இடத்துக்குப் போய் அந்த நாடகத்தை நடத்தி முடித்தார். அந்த வழியில் வந்தவர்கள் நாம்.

முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். அரைமணி நேரம் தரையில் உட்காருங்கள், ஜனங்கள் பேச வருவார்கள். வட்டத்தைக் கடைசியில் அழியுங்கள். அதுவரை வீட்டுக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றித்தான் போவார்கள்.