இளமை மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலையில் நான் நடத்தும் மருந்துக்கடைக்கு, துபாயிலிருந்து விடுப்பில் வந்த உறவினர் கொடுத்த குப்பியோடு வந்து, "தோல் சுருக்கத்துக்கு இதைத் தொடர்ந்து சாப்பிடலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம். புதிதாகப் பணியில் சேரும் மருந்தாளுநர்களும், எங்கள் தலைமுறையைப் போலவே, காலாவதி நாளைப் பார்த்துவிட்டுத் தலையசைத்து அனுப்பிவிடுகிறார்கள். காலாவதி, போலிச் சரக்கு ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பயோட்டினைச் சொல்லாமல் இரத்தப் பரிசோதனைக்குப் போவது

"முடி, சருமம், நகம்" என்று விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்க வரையறை. குறைபாடு இல்லாதவரின் சுருக்கத்தை அது குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பணம் வீணாவதோடு முடிந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் பிணையும் முறையிலேயே ஹார்மோனை அளக்கின்றன; இரத்தத்தில் மிதமிஞ்சிய பயோட்டின் அந்தப் பிணைப்பில் குறுக்கிடுவதால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். குறைந்தும் தைராய்டு சுரக்கும் டி4 கூடியும் காட்டப்பட்டு, உடலில் இல்லாத மிகை தைராய்டு நோய் தாளில் உருவாகிவிடுகிறது.

பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவர் அப்படித்தான் தைராய்டை அடக்கும் மாத்திரைக்கான சீட்டுடன் வந்தார். படபடப்பும் இல்லை, எடையும் குறையவில்லை. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும், பயோட்டினைச் சொல்லி, "அது வெறும் வைட்டமின்தானே" என்றார். மருத்துவரிடமே திருப்பி அனுப்பினேன். பயோட்டினை நிறுத்தி மறுபடியும் பார்த்ததில் அளவுகள் இயல்பாக இருந்தன. இரத்தம் எடுத்தவரும் சீட்டு எழுதியவரும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை என்பது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவும் இதனால் பொய்யாகக் குறையலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. தைராய்டுப் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும்; மிகுந்த அளவில் எடுப்பவர்கள் இன்னும் முன்பே நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். நெஞ்சுவலி என்றால் காத்திருக்கவே கூடாது. உடனே சென்று, பயோட்டின் சாப்பிடுவதையும் சொல்ல வேண்டும்.

கொலாஜன் நேராகத் தோலுக்குப் போகும் என்று நம்புவது

தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைக் குடித்தால், அது குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் உடைந்துவிடுகிறது. தோலில் ஈரமும் மீள்தன்மையும் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகளில் பல, அதை விற்பவர்களின் பணத்தில் நடந்தவை.

வெயிலைக் கணக்கில் எடுக்காதது

குளச்சல் கடற்கரையில் நாள் முழுக்க நிற்பவருக்கு, குப்பியை விடத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் பயன்படும்.

கர்ப்பகாலத்தில் ரெட்டினால் மாத்திரை

ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்; மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது.

புகைபிடிப்பவருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை

பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பொருள். பின்லாந்தில் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், அதை எடுத்த புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியது; நான் கொடுப்பதில்லை.