இலுப்பை விதையை எடுத்து வைக்காதீர்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஆலங்குடிப் பக்கம் தென்னை மட்டும் விழவில்லை. ஊருணிக் கரையில் அப்பாயி காலத்திலிருந்து நின்ற இலுப்பையும் வேரோடு சாய்ந்தது. அந்த இடத்தில் இன்னொன்று வைக்கக் கன்று தேடினேன். போன நர்சரிகளில் தேக்கும் சவுக்கும் இருந்தன, இலுப்பை இல்லை. சரி, நாமே போடுவோம் என்று இறங்கினேன்.

அடுத்த ஆனியில் பக்கத்து ஊர் மரத்தடியில் 300 விதை பொறுக்கினேன். மஞ்சள் பையில் கட்டிப் பரணில் வைத்தேன், மழை பிடித்ததும் போடலாம் என்று. புரட்டாசியில் போட்டதில் 11தான் முளைத்தது. நெல்லும் உளுந்தும் காய வைத்துச் சேர்த்துப் பழகிய கை என்னுடையது. இலுப்பை விதை அப்படியில்லை, காய்ந்தால் செத்துவிடும். விழுந்த வாரமே மண்ணுக்குள் போக வேண்டும்.

அதனால் விதை பொறுக்கும் முன்பே கன்று வளர்க்கும் பைகளில் மண்ணை நிரப்பி வைத்துவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, நன்றாக மட்கிய எரு ஒன்று. பை ஓரடி உயரமாவது இருக்கட்டும், ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கும்.

ஆனி, ஆடியில் விடியற்காலையில் மரத்தடிக்குப் போங்கள். ராத்திரி வௌவால்கள் சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டிருக்கும், பாதி வேலை முடிந்தது. முழுப்பழமாகக் கிடைத்தால் சதையைப் பிதுக்கி நீக்கி, பிசுபிசுப்புப் போகக் கழுவுங்கள். நல்ல விதை பழுப்பு நிறத்தில் எண்ணெய் தடவியதுபோல மினுங்கும், ஒரு பக்கம் நீளமாக வெளிறிய தழும்பு இருக்கும். கையில் கனக்க வேண்டும். ஓட்டை விழுந்ததையும் குலுக்கினால் ஆடுவதையும் ஒதுக்குங்கள். ஒரே மரத்தில் பொறுக்காமல் நாலைந்து மரத்தில் எடுத்தால் கன்றுகள் ஒரே தாய்ப் பிள்ளைகளாக இருக்காது.

படுக்க வைத்து, கட்டை விரல் அகல ஆழத்தில் ஊன்றி, நிழலில் தினமும் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். எலிக்கு இந்த எண்ணெய் விதை மேல் உயிர், அதனால் பைகள் மேல் முள் பரப்புங்கள். இரண்டு மூன்று வாரம் மேலே ஒன்றும் தெரியாது. பயந்து ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன்: விதை வெடித்து வெள்ளை வேர் ஒரு விரல் நீளம் இறங்கியிருந்தது, தண்டு இன்னும் கிளம்பவே இல்லை. பொறுங்கள். செம்பு நிறத் துளிர் வரும்.

மாதம் ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேர் பையைக் கிழித்துத் தரையில் இறங்கிவிடும், நடும் நாளில் அறுந்து கன்று வாடும்.

மற்ற மரங்களின் விதைகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. வேம்பும் நாவலும் இலுப்பை போலத்தான், உடனே போட வேண்டும். நாவலில் ஒரு விதையில் இரண்டு மூன்று முளை வரும், வலுவானதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். புங்கன் காத்திருக்கும். சரக்கொன்றை விதைக்குத் தோல் கல் மாதிரி, உப்புத்தாளில் ஒரு ஓரம் தேய்த்து ஒரு ராத்திரி ஊற வையுங்கள்.

வேலிக்குப் பூவரசும் கிளுவையும் வேண்டுமென்றால் விதையே வேண்டாம், போத்து, அதாவது வெட்டி ஊன்றும் கிளை, போதும். பூவரசில் மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை ஆள் உயரத்துக்கு வெட்டி, மேல் நுனியில் சாணம் அப்பி, இரண்டடி ஆழத்தில் ஊன்றி மண்ணை நன்றாக மிதியுங்கள். அடி எது நுனி எது என்று வெட்டும்போதே அடையாளம் வையுங்கள். தலைகீழாக நட்டால் வராது.

இலுப்பைக் கன்றுகளை ஒரு வருடம் வளர்த்து, மறு ஐப்பசி மழையில் நடுங்கள். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே வெயிலுக்குப் பழக்குங்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் வேண்டும். ஊருணிக் கரையில் நான் வைத்ததை ஆடு இரண்டு முறை கடித்தது. கருவேல முள் கட்டிய பிறகுதான் தப்பித்தது, இப்போது என் தோள் உயரம் நிற்கிறது.